சோப்புப் பாட்டு

எனக்கு வாய் நீளம் என்று சொல்லாத ஆள் கிடையாது. கையும் நீளம்தான் என்று சேர்த்துச் சொல்ல ஆசை. ஆனால் அப்படிச் சொன்னால் திருட்டுக் கேஸ் ஆகிவிடும். என் பிழைப்பே கையில்தான் இருக்கிறது. காது கேளாதவர்கள் சைகையில் பேசுவதை வாயால் சொல்வதும், மற்றவர்கள் வாயால் பேசுவதைச் சைகையில் சொல்வதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி, கோர்ட், பேங்க், பள்ளிக்கூடம் என்று நான் போய் நிற்காத இடமில்லை. இந்த ஊரில் இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் தொழிலில் இரண்டு விதி. முதல் விதி, எதையும் விடக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது. திட்டினால் திட்டு, வழிந்தால் வழிசல், அப்படியே போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, ‘அவர் சொல்கிறார்’ என்று பேசக் கூடாது. ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். ஒரு பெரியவருக்காக டாக்டர் முன்னால் உட்கார்ந்து, “எனக்கு அஞ்சு நாளா மூத்திரம் சரியாப் போகல டாக்டர், ப்ராஸ்டேட்டா இருக்குமோ?” என்று நான் கேட்டபோது, புதிதாக வந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோர்ட்டில் ஒருமுறை, “ஆமாங்கய்யா, அந்த சைக்கிள நான்தான் எடுத்தேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் என் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

முதல் விதியை நான் எட்டு மாதம் மீறினேன். அதுவும் என் கூடப் பிறந்த தங்கையிடம்.

தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவளால்தான். எனக்கு ஆறு வயதிலும் அவளுக்கு மூன்று வயதிலும் ஆரம்பித்த பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அவள் கையால் சொன்னதையெல்லாம் வாயால் சொன்ன மாதிரிதான் இங்கே எழுதப் போகிறேன். பழக்கதோஷம், மாற்றிக்கொள்ள முடியாது.

அவள் தையல்காரி. சும்மா கிழிசல் தைக்கிறவள் இல்லை. கோட்டு, சூட்டு, கல்யாணக் கவுன் எல்லாம் அவள் மேசையில்தான் வெட்டுப்படும். துணியை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் நாலு கோடு இழுத்து, கத்தரியை வைத்தால் ஒரு நூல் பிசகாது. காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் கைப்பெயர் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் அட்டைக்கு, கைப்பெயர்தான் வாழ்க்கைக்கு. தங்கைக்குச் சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும். அந்தக் குழிக்குப் பக்கத்தில் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஒருமுறை திறந்து மூடினால் அது அவள்.

அவளை நாலு வருஷம் ஒருவன் காதலித்தான். பாடகன். கிட்டாரும் கையுமாகத் திரிவான், நாங்கள் ‘குயில்’ என்று கூப்பிடுவோம். பார்க்க ராஜா மாதிரி இருப்பான், அதில் குறை சொல்ல முடியாது. அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பாடுவான். பார்க்கிறவர்களுக்குக் கண்ணே கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது. ஒருநாள் அவளிடமே கேட்டேன், எப்படி இருக்கும் என்று.

“தொண்ட துடிக்கிறது தெரியுது. என்ன சொல்றான்னுதான் தெரியல” என்றாள்.

நாலு வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட சைகை மூன்று. வா, சாப்பிடு, சும்மா இரு. மீதிக்கு நான் இருந்தேன். சினிமாவுக்குப் போனாலும் நான், சண்டை போட்டாலும் நான். “எனக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்டா தங்கம்” என்று அவன் சார்பாக என் தங்கையிடம் நான் கையால் சொல்லியிருக்கிறேன். தலையெழுத்து!

அப்புறம்தான் டைல்ஸ்காரர் வந்தார். மூன்று மாடி டைல்ஸ் கடை, தொப்பை, வழுக்கை. இரண்டு சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், அடுத்த தடவை வீடியோ பார்த்து நாலு சைகை படித்துக்கொண்டு வந்தார். ‘சட்டை நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு ‘சட்டை மாசமாக இருக்கிறது’ என்று சொன்னார். தங்கை ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் தப்பு என்னவென்று கேட்டு, திருத்திக்கொண்டு போனார். அடுத்த வாரம் வேறொரு தப்போடு வந்தார். இரண்டு மாதத்தில் அவருக்குப் பதினான்கு சட்டை ஆகிவிட்டது. பதினைந்தாவது சட்டைக்கு அளவெடுக்கும்போது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள்தான் கேட்டாள்.

குயிலிடம் அவளே போய்ச் சொன்னாள், கூட நான்தான் போனேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதம் கழித்துப் பாட்டாகப் பேசினான்.

*கை நிறையக் காசு கண்டு
கை கழுவிப் போனவளே
சொன்ன பேச்சக் காத்துல விட்டு
சொகுசு மாடி ஏறினவளே*

*இந்தக் கையில் என் விரலு
அந்தக் கையில் அவன் விரலு
எந்தக் கைய நம்புறது
ரெண்டு கைக்காரியே*

மெட்டு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரே மாதத்தில் பஸ், சலூன், மளிகைக் கடை, எல்லோருடைய ஃபோன் என்று அந்தப் பாட்டு போகாத இடமில்லை. யாரைப் பற்றிய பாட்டு என்பதும் கூடவே போனது. ‘கை, கை’ என்று வரிக்கு வரி வருகிறதே, கையால் பேசுகிற பெண் இந்தப் பக்கம் வேறு யார் இருக்கிறாள்? மளிகைக் கடையில் தங்கை போய் நின்றால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவளுக்குத்தான் கேட்காதே என்ற தைரியம்.

கேட்காதுதான். கண் இருக்கிறதே! ஒருநாள் சலூன்காரன் வாயசைப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள். “எல்லாரும் ஒரே பாட்டப் பாடுறாங்க. கை கழுவுறதப் பத்தி ஏதோ வருது. என்னக்கா அது?”

கை கழுவுவது என்றால் அவளுக்குத் தண்ணீரும் சோப்பும்தான். ஒருவரை உதறிவிட்டுப் போவதைக் காது கேட்கிறவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று நான் விளக்க வேண்டும். யார் யாரைக் கழுவினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். 

“சோப்பு விளம்பரம்” என்றேன்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக அது சோப்பு விளம்பரமாகவே இருந்தது. மாப்பிள்ளையாகிவிட்ட டைல்ஸ்காரரும் அதற்கு உடந்தை. அவருக்கும் காது கேட்குமே, பாவம். “என்ன சோப்புன்னு கேக்குறா அக்கா, ஏதாவது பேரு சொல்லுங்க” என்று ஒருநாள் ஃபோனில் கெஞ்சினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வேலை வந்தது.

காது கேளாதோர் சங்கத்தின் செயலாளரை எல்லோரும் ‘மீசை’ என்போம். மீசையை எடுத்துப் பத்து வருஷமாகிறது, கைப்பெயர் மட்டும் போகவில்லை. அவர் செய்தி அனுப்பினார். எங்கள் காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட ஒரு பாட்டுக் கச்சேரி. சனிக்கிழமை மாலை நாலு மணி, நகர மண்டபம். முதல் இரண்டு வரிசை நம் ஆட்களுக்கு. எல்லாப் பாட்டையும் மேடையில் நின்று சைகையில் சொல்ல வேண்டும். பாடுகிறவர் யாரென்று பார்த்தால் குயில். பாட்டுப் பட்டியலில் நாலாவது, அந்தப் பாட்டு.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க நாறிய அந்தப் பாட்டு போகாத ஒரே இடம் அவளுடைய ஆட்கள்தான். சங்கத்துக்குப் போனால் அவள் தலைநிமிர்ந்து உட்காருவாள். சங்கத்துப் பேனரை அவள்தான் தைத்தாள், அங்கிருக்கிற நாற்பது பேரில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அவள் தைத்த உடைதான். காசுக்காகக் காதலனைக் கை கழுவியவள், இரண்டு பேரை ஒரே நேரத்தில் வைத்திருந்தவள் என்ற செய்தியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போவது யார்? நான். என் கை.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். இந்த வேலை தெரிந்த இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். நான் போகாவிட்டால், தங்கள் பள்ளிக்கூடத்துக்கான கச்சேரியில் தாங்களே பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்த ஒரு பாட்டை மட்டும் மழுப்பலாமா? ‘ஒரு பெண் போய்விட்டாள், எனக்கு வருத்தம்’ என்று பொத்தாம் பொதுவாகக் கையை ஆட்டிவிட்டு இறங்கினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த பேரை ஒரு குயிலுக்காகக் குழியில் போடுவதா? ஆனால் தங்கையைவிட எனக்குப் பேரா பெரிது? இரண்டு நாள் இதே பாடாகப் போனது.

மாப்பிள்ளை ஃபோன் செய்தார். “அக்கா, சனிக்கிழம அவள எங்கயாவது வெளியூரு கூட்டிட்டுப் போயிடவா?”

“கூப்பிட்டுப் பாருங்க தம்பி.”

“கூப்பிட்டேன். பேனர் கட்டுறதுக்கு யாரு இருக்கா, நீ மட்டும் போன்னுட்டா.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “இன்னொன்னுக்கா. பாட்டுல என்னப் பத்தியும் தப்பாத்தான் இருக்கு. கை நிறைய காசுன்னு எல்லாம் இல்ல. மூணு மாடில ரெண்டு மாடி வாடகைக்கு எடுத்தது.”

“அத அந்தக் குயில்கிட்டயே சொல்லித் திருத்தச் சொல்றேன்” என்று ஃபோனை வைத்தேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பாட்டை உள்ளது உள்ளபடி சொல்வேன், ஒரு வரி விட மாட்டேன். ஆனால் அந்த ‘போனவளே’ என் தங்கை என்று யாருக்கும் தோன்றாதபடி பார்த்துக்கொள்வேன்.

அதற்கு ஒரு வழி இருந்தது. வாயால் பாடுகிறவன் ‘போனவளே’ என்று பொதுவாகக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். சைகையில் அது நடக்காது. கூப்பிடுகிற ஆளை ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தி, அந்த இடத்தைப் பார்த்து விரல் நீட்ட வேண்டும். ஒருமுறை நிறுத்திவிட்டால் பாட்டு முடியும்வரை அவள் அங்கேதான் நிற்பாள். முன் வரிசையில் என் தங்கை இருப்பாள், அந்தப் பக்கம் விரல் போகவே கூடாது. வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போய் இடம் பார்த்தேன். இடது பக்கச் சுவரில் சிவப்பாக ஒரு தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருந்தது. அதன் கீழே ஆள் உட்காருகிற இடமே இல்லை, வெறும் நடைபாதை. போனவளை அங்கே நிறுத்திவிடலாம், போய்த் தொலையட்டும்.

வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்தேன். சிலிண்டருக்குப் பதிலாக இடது பக்கம் ஒரு சிவப்பு வாளியை ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டேன். ‘கை நிறைய’ என்பதைக் கை என்று காட்டக் கூடாது, ஏராளம் என்று காட்ட வேண்டும். ‘கை கழுவி’ என்றால் உதறிவிட்டு என்று காட்ட வேண்டும். ‘சொன்ன பேச்சு’ வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள் எந்தப் பேச்சடா சொன்னாள் என்று வாளியைப் பார்த்துக் கத்தினேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, கண்ணாடியில் எனக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

அவளிடம் என் வீட்டுச் சாவி உண்டு. கையும் களவுமாகப் பிடிபட்டதென்றால் இதுதான்.

“எப்ப வந்த?”

“இப்பத்தான். என் ஊசிப்பெட்டி இங்க இருக்கு, எடுக்க வந்தேன். இது என்ன வாளி?”

“மண்டபத்துல இந்தப் பக்கம் தீயணைக்கிற சிலிண்டர் இருக்கு. அதப் பாத்துப் பழகுறேன்.” அது உண்மைதானே.

“என்ன பாட்டு?”

“அதான், அந்தச் சோப்பு விளம்பரம். அதையும் பாடுறானாம்.”

அவள் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பெரிய சோப்பா இருக்கும் போல” என்று சொல்லிவிட்டு ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கறுப்பு முழுக்கைச் சட்டையில் மேடையோரம் நின்றிருந்தேன், கை எடுப்பாகத் தெரிய எங்களுக்கு அதுதான் சீருடை. குயில் கிட்டாரைச் சுருதி பார்த்துக்கொண்டே திரும்பியவன் என்னைக் கண்டதும் வெளிறிப்போனான்.

“அக்கா! நீங்களா?”

“வேற யாரு? உனக்காகப் பேசிப் பேசித்தான் எனக்கு ஏற்கனவே பழக்கமாச்சே.”

“அந்தப் பாட்டு... அது சும்மா பாட்டுக்கா. யாரையும் மனசுல வெச்சு எழுதல.”

“அப்படியா? அப்ப அத இன்னிக்குப் பாடாத.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஜனங்க அதுக்குத்தானக்கா வர்றாங்க.”

அதற்கு மேல் அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று பாட்டு நன்றாகப் போனது. முன் வரிசையில் மீசை, அவர் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியைகள் எல்லோரும் என் கையையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் நாற்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளை எப்படியோ கிளப்பிக் கொண்டுபோய்விட்டார், புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது பாட்டுக்குக் கிட்டார் ஆரம்பித்ததும் மண்டபமே கூச்சல் போட்டது. நான் கையைத் தூக்கினேன். கை நிறையக் காசு கண்டு. உதறிவிட்டு. போனவளே. விரலை நீட்டி இடது சுவரைப் பார்த்தேன்.

சிலிண்டருக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளே தைத்த கிளிப்பச்சை உடை, நேரான முதுகு, மடியில் கை. என் விரல் அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது.

என் கை அரை நொடி நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வேறு பக்கம் திருப்பினால் அது வேறொரு ஆளாகிவிடும், பாட்டே குழம்பிவிடும். அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். சொல்லு என்று அர்த்தம்.

சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். சொன்ன பேச்சைக் காற்றில் விட்டதைச் சொன்னேன், சொகுசு மாடி ஏறியதைச் சொன்னேன், ரெண்டு கைக்காரி என்பதைச் சொன்னேன். பாட்டில் திரும்பத் திரும்ப எட்டுத் தடவை அவளைக் கூப்பிடுகிறான், எட்டுத் தடவையும் என் விரல் என் தங்கையிடம் போனது. முதல் இரண்டு வரிசைக்குப் பின்னால் மண்டபம் கைதட்டிக் கூடவே பாடிக்கொண்டிருந்தது. முன் வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாக அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பின. மீசையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை மட்டும் முகவாயைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்து சத்தம் அடங்கியதும், நிகழ்ச்சியை நடத்திய பெண் மைக்கை எடுத்தாள். முன் வரிசையில் இருக்கிறவர்கள் பாடகரிடம் ஏதாவது கேட்கலாம் என்றாள். அது நிகழ்ச்சி நிரலிலேயே இருந்த விஷயம்தான். நான் அதைச் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் சுவரோரம் ஒரு கை உயர்ந்தது. மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். தங்கை எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். விதி உங்களுக்குத் தெரியும். ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்ல முடியாது.

“வணக்கம்” என்றேன். “நான் தையல்காரி. இந்தப் பாட்டுல வர்ற பொண்ணு நான்தான்.”

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று அவளைத் தேடினார்கள்.

“இது சோப்பு விளம்பரம்னு எட்டு மாசமா எங்க அக்கா என்கிட்ட புளுகிக்கிட்டு இருந்தா.” இதையும் நானே மைக்கில் சொன்னேன். பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. என் காது மடல் சுட்டது, ஆனாலும் ஒரு வார்த்தை விடவில்லை.

“பாட்டு நல்லா இருக்கு. ஆனா மூணு இடத்துல அளவு பாக்கணும். ரெண்டு கைக்காரின்னு பாடினது சரி. ரெண்டு மாசம் அவர் என் கடைக்கு வந்துட்டுப் போனத நான் உன்கிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும். அது என் தப்பு, மன்னிச்சிரு. அந்த இடத்துல ஆல்டர் பண்ண வேண்டாம், அப்படியே பாடு.”

குயில் கிட்டாரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“காசுக்குப் போனேன்னு பாடின. காசு எனக்குப் பிடிக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? வீட்டுல ஏசி போட்டிருக்கோம், சுகமாத்தான் இருக்கு. ஆனா அவர் கையில நான் மொதல்ல பாத்தது காசு இல்ல. தப்புத் தப்பா நாலு வார்த்த. சட்டை மாசமா இருக்குன்னு சொன்னாரு. ஒரு மனுஷன் என்கிட்ட பேசணும்னு தப்பாப் பேசினத நான் அன்னிக்குத்தான் மொதல் தடவ பாத்தேன். அந்த வரிய ரெண்டு இஞ்சு பிரிச்சுத் தைக்கணும்.”

தங்கை ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் கை நிதானமாகப் பேசியது, என் குரலும் நிதானமாகத்தான் வந்தது, எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

“மூணாவது. சொன்ன பேச்சக் காத்துல விட்டேன்னு பாடுற. நாலு வருஷம் நான் உன்கிட்ட பேசினேன். நீ சிரிச்சுத் தலையாட்டின. நான் என்ன பேச்சு சொன்னேன்? சொல்லு, கேக்குறேன்.”

அவன் நிகழ்ச்சியை நடத்திய பெண்ணைத் திரும்பிப் பார்த்தான்.

“சரி, அது கஷ்டம். சுலபமா ஒண்ணு கேக்குறேன். என் பேரச் சொல்லு.”

அவன் மைக்கில் அவள் பெயரைச் சொன்னான், வீட்டில் வைத்த பெயரை. நான் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயால் சொல்கிறான் என்று சைகையில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அது எனக்குக் கேக்காத பேரு. கையால சொல்லு.”

குயில் தன் கைகளைப் பார்த்தான். எவ்வளவு நீளமான விரல்கள்! அந்தக் கிட்டாரில் எத்தனை சுரம் வாசித்த விரல்கள்! அவற்றுக்கு என் தங்கையின் பெயர் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது பக்கவாட்டுக் கதவருகே கும்பலுக்குப் பின்னால் ஒரு குட்டைக் கை எழும்பியது. மாப்பிள்ளை. எங்கே ஒளிந்துகொண்டு நின்றாரோ, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலைத் திறந்து மூடினார். வழக்கம்போல இடது கன்னத்தில்.

“வலது! வலது!” என்று முன் வரிசையில் மீசை எழுந்து நின்று கையை ஆட்டினார். எல்லோரும் திருத்தினார்கள். மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு வலது கன்னத்துக்கு மாற்றினார். உடனே நாற்பது பேரும் எழுந்து, நாற்பது கன்னத்தில், நாற்பது ஜோடி விரல் என் தங்கையின் பெயரைச் சொன்னது. சத்தமே இல்லை. காது கேட்கிற எண்ணூறு பேர் என்ன நடக்கிறதென்று புரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. மைக்கை எடுத்தேன்.

“அது என் பேரு” என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் யார் யாருக்காகவோ ‘நான்’ என்றும் ‘என்’ என்றும் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இவள் என் தங்கை, நான் எடுத்து வளர்த்த பேச்சு இது என்று அந்த மண்டபத்தின் கூரையைப் பிளந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் சொல்லாததைச் சேர்க்கக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

கச்சேரி முடிந்து மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை பேனரை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார், அதையும் தப்பாக. குயில் எங்களைத் தாண்டிப் போனான். நின்று, தங்கையைப் பார்த்து, வலது கன்னத்தில் இரண்டு விரலைத் திறந்து மூடிவிட்டுப் போனான். சரியாகத்தான் செய்தான். அவளும் தலையசைத்தாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். “கண்ணாடி முன்னால நான் ஆடினத முழுசாப் பாத்தியா?”

“மூணு தடவ பாத்தேன். ‘உதறிட்டுப் போனவளே’ன்னு வாளியத் திட்டுற. இவ்வளவு கோவமா சோப்பு விக்க மாட்டாங்களே. வீட்டுக்குப் போய் அவரப் பிடிச்சு உலுக்கினேன், எல்லாத்தையும் கக்கிட்டாரு.”

“அப்புறம் ஏண்டி அங்க போய் உக்காந்த? உன்மேல விரல் போகக் கூடாதுன்னுதான நான் அந்தச் செவுத்தத் தேடிப் பிடிச்சேன்.”

“அதுக்குத்தான். என்னைத் திட்டுற பாட்டுல நான் இல்லாம ஒரு வாளி நிக்கலாமா?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “உனக்கு வலிக்கக் கூடாதேன்னுதாண்டி மறைச்சேன்” என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்து என் மடியில் வைத்தாள். நான் குறுக்கே பேசாமலிருக்கச் சின்ன வயதிலிருந்து அவள் செய்வது அது. அப்புறம் தன் கையை எடுத்துப் பேசினாள். அது எங்கள் இரண்டு பேருக்குள் சொன்னது, மைக்கில் போகவில்லை. ஆனால் எதையும் விடக் கூடாது என்பது விதி. எட்டு மாதம் விட்டதற்கும் சேர்த்து இதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னபடியே, ‘நான்’ என்றே.

“நான் பொறந்ததுலேருந்து ஒரு நாளும் செவிடா இருந்ததில்லக்கா. எனக்கு நீ இருந்த. இந்த எட்டு மாசம்தான் நான் செவிடா இருந்தேன்.”